ஜன்னலும் தெரியணும், அறையும் தெரியணும்: வீட்டுப் படங்கள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: மேடவாக்கத்தில் உள்ள எங்கள் ஃபிளாட்டை விற்கப் போகிறோம். படம் எடுக்க வந்தவர், சாதாரணமாக எடுத்தால் 3,000 ரூபாய், ‘ஹெச்டிஆர்’ என்றால் 7,500 என்கிறார். ஒரே இடத்தில் நின்றுகொண்டு ஒரே படத்தை ஐந்து தடவை எடுப்பதற்கா இவ்வளவு?

பதில்: ஐந்து தடவை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மதிய நேரத்தில் உங்கள் ஹாலில் நின்று பாருங்கள். சோபாவும் தெரியும், ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடியும் தெரியும். கண் இரண்டையும் சமாளித்துவிடும், கேமராவால் முடியாது. வெளிச்ச உணர்திறனை ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளையை எஃப்/8 என்று வைத்தால் விளக்கு போட்ட ஹாலுக்கு ஷட்டர் ஏறத்தாழ ஒரு விநாடி திறந்திருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் எதிர்வீட்டுச் சுவருக்கு 1/500 விநாடி போதும். ஐந்நூறு மடங்கு வித்தியாசம். அறைக்கு ஏற்றபடி எடுத்தால் ஜன்னல் வெறும் வெள்ளைக் கட்டம், ஜன்னலுக்கு ஏற்றபடி எடுத்தால் அறை முழுக்க இருட்டு. அதனால்தான் ட்ரைபாடில் கேமராவை அசையாமல் நிறுத்தி, மற்ற எதையும் தொடாமல் ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி, இரண்டு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் நான்கு மடங்கு, இடைவெளியில் மூன்றோ ஐந்தோ எடுக்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றிலும் நன்றாக வந்திருக்கும் பகுதிகளைச் சேர்த்து ஒரே படமாக்குகிறார்கள். இதைத்தான் ஹெச்டிஆர் என்கிறார்கள்.

ஐந்து தடவை பட்டனை அழுத்தக் காசு வேண்டாம், அதைக் கேமராவே செய்யும். சேர்க்கிற வேலைக்குத்தான் காசு. அந்த வேலை இவருக்கு வருமா என்று பாருங்கள். அவர் ஏற்கனவே எடுத்த ஹால் படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, கணினித் திரையில் பெரிதாக்குங்கள். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி வெளிறிய வளையம் ஓடுகிறதா? வெள்ளை சீலிங் அழுக்குச் சாம்பலாகிவிட்டதா? சோபாவுக்கு அடியில் நிழல் இருக்கிறதா, இல்லை எல்லாவற்றையும் தூக்கி ஒரே வெளிச்சமாக்கிவிட்டாரா? வெளிப்புறம் அறையைவிடக் கொஞ்சம் பளிச்சென்று இருப்பதுதான் இயல்பு. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் ஜன்னல் காட்சி, சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி ஆகிவிடும். இதிலெல்லாம் தேறினால் 7,500 கொடுங்கள். தேறாவிட்டால் 3,000 ரூபாய்க்குப் பகல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வாடகைக்கு விட வேண்டிய வீடு. போனில் எடுத்தால் போதாதா?

பதில்: தாராளமாகப் போதும். போனும் உள்ளுக்குள் சில படங்களைச் சேர்த்துத்தான் தருகிறது. லென்ஸைத் துடையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், போனை மேலே கீழே சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள்.

கேள்வி: படங்களைச் சேர்க்கும் மென்பொருள் ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டிவிட்டேன். சேர்த்துப் பார்த்தால் ஃபேன் இறக்கை எட்டு ஒன்பதாகத் தெரிகிறது. சுவர் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: எப்போது வாங்கினீர்கள், திருப்பித் தரும் விதி என்ன, சோதித்துப் பார்க்க இலவசக் காலம் இருந்ததா என்று எதையும் எழுதவில்லை. விதியைப் படிக்காமல் ஓராண்டுக்குப் பணம் கட்டிவிட்டு என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய முடியும்? முதலில் அந்த விதியைத் தேடிப் படியுங்கள்.

நீங்கள் சொல்லும் இரண்டு குறையும் மென்பொருளின் குறையே இல்லை. ஓடுகிற ஃபேனை ஐந்து தடவை எடுத்தால் ஐந்திலும் இறக்கை வேறு வேறு இடத்தில்தான் நிற்கும். சுவர் இரு நிறமாவது, மஞ்சள் பல்பும் ஜன்னல் வெளிச்சமும் கலந்து விழுவதால். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுத்துப் பாருங்கள், பாதிச் சிக்கல் தீரும். அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்கும் முன் என்ஃப்யூஸ் என்ற மென்பொருளை முயலுங்கள், இலவசம். டாம் மெர்ட்டன்ஸும் வேறு இருவரும் 2007-இல் வெளியிட்ட எக்ஸ்போஷர் ஃப்யூஷன் முறையில் வேலை செய்வது அது. எந்தப் படத்தில் எந்தப் புள்ளி தெளிவாகவும் சரியான வெளிச்சத்திலும் இருக்கிறதோ அதற்கு அதிக எடை கொடுத்துக் கலக்கும். அதனால் பெரும்பாலும் இயல்பாகவே வரும்.

கேள்வி: இந்த வேலைக்கு ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமரா கட்டாயம் என்று கடையில் சொல்கிறார்கள்.

பதில்: இல்லை. கையில் இருக்கும் கேமராவின் மெனுவில் பிராக்கெட்டிங் (வெவ்வேறு வெளிச்ச அளவில் தொடர்ந்து எடுக்கும் வசதி) இருக்கிறதா, இரண்டு ஸ்டாப் இடைவெளி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கேமராவை விட்டுவிட்டு நல்ல ட்ரைபாட் வாங்குங்கள்.

கேள்வி: திண்டுக்கல்லில் வீடுகளையும் மண்டபங்களையும் படம் எடுத்துப் பிழைக்கிறேன். ‘5 கிலோ தாங்கும்’ என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் ஒரு ட்ரைபாட் வாங்கினேன். என் கேமரா ஒன்றரைக் கிலோகூட இல்லை, வைத்தவுடன் தலை மெல்லச் சாய்கிறது. ஐந்து படமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. புகார் செய்தால், ‘தொழிலுக்கு வாங்கியிருக்கிறீர்கள், நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது’ என்கிறார் விற்றவர்.

பதில்: அவர் சொல்வது தவறு, விடாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. நீங்கள் நுகர்வோர்தான். விளம்பரப் பக்கத்தை அவர் மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கேமராவை எடை போட்டு, ட்ரைபாடில் மாட்டி, தலை சாய்வதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

நான் வாங்கிய ஒரு ட்ரைபாடும் இதே கதைதான். காலைப் பூட்டும் பிளாஸ்டிக் கவ்வி சில மாதத்திலேயே தளர்ந்து, ஒரு கால் மட்டும் தானாக உள்ளே இறங்கும். கடைக்காரர் ‘இந்த விலைக்கு இப்படித்தான் சார் வரும்’ என்றார். அந்த வாக்கியத்தை அவர் விற்கும்போது சொல்லியிருக்க வேண்டும். இனி வாங்குகிறவர்கள் கடையிலேயே காலை முழுக்க நீட்டி, கேமராவை மாட்டி, சுவரில் ஏதாவது எழுத்துக்கு நேராக ஜூம் செய்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். எழுத்து கட்டத்துக்குள் நகர்ந்திருந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: வேலை நிமித்தம் துபாயில் இருக்கிறோம். கோவையில் கட்டி முடியப்போகும் ஒரு குடியிருப்பின் படங்களைப் பார்த்து 4 லட்சம் ரூபாய் முன்பணம் கட்டினோம். படத்தில் ஹால் ஜன்னல் வழியே தென்னந்தோப்பு தெரிந்தது. மாமனார் நேரில் போய்ப் பார்த்தால், ஜன்னலுக்கு நேர் எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதில் வரிசையாக ஏசி பெட்டிகள். ‘வெளிச்சத்தைச் சரிசெய்ய நாலைந்து படங்களைச் சேர்ப்பது வழக்கம்தானே’ என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. அவர்கள் சொல்லும் சாக்கைக் கேட்டால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக இருந்தேன்.

படங்களைச் சேர்ப்பது நேர்மையான வேலை. அந்த இடத்தில், அந்த ட்ரைபாடில், அந்த ஜன்னல் வழியே வந்த வெளிச்சம்தான் ஐந்து படத்திலும் இருக்கும். அங்கே நின்ற கண் பார்த்ததைக் காகிதத்துக்குக் கொண்டுவர எடுக்கும் முயற்சி அது. உங்களுக்குச் செய்திருப்பது வேறு. வேறெங்கோ எடுத்த தோப்பை வெட்டிக்கொண்டுவந்து ஜன்னலில் ஒட்டியிருக்கிறார்கள். முதல் வேலையின் பெயரைச் சொல்லி இரண்டாவதை விற்பதால், ஒழுங்காக உழைக்கும் படக்காரர்களுக்கும் கெட்ட பெயர்.

உண்மையாகச் சேர்த்த படமா என்று தெரிந்துகொள்ள, இருப்பதிலேயே இருட்டான மூலப்படத்தைக் கேளுங்கள். அதில் அறை கறுப்பாக இருக்கும், ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருப்பது அப்படியே தெரியும். கொடுக்கத் தயங்கினால் சந்தேகப்படுங்கள். படத்திலேயே பார்க்க வேண்டிய இடமும் உண்டு. டைல்ஸ் தரை பளபளப்பாக இருந்தால் ஜன்னலின் சாயல் அதில் விழும். வெளியே பச்சைத் தோப்பு இருக்கும்போது தரையில் சாம்பல் நிறம் விழுந்திருந்தால் காட்சி ஒட்டியது. ஜன்னல் கம்பியின் ஓரங்களைப் பெரிதாக்குங்கள். ஒட்டிய படத்தில் கம்பியைச் சுற்றிப் பிசிறு இருக்கும், அல்லது கொசுவலைக்குப் பின்னால் இருக்க வேண்டிய மரம் வலையே இல்லாததுபோல் துல்லியமாக இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் கட்டும் முன் வீடியோ அழைப்பில் ஆளை ஜன்னல்வரை நடக்கச் சொல்லி, கதவைத் திறந்து வெளியே காட்டச் சொல்லுங்கள்.

இனி செய்ய வேண்டியது. ரெரா எனப்படும் 2016 மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு உங்களுக்காகவே எழுதியது போன்றது. விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டிய தவறான தகவலை நம்பி முன்பணம் கட்டியவர் விலக விரும்பினால், முழுப் பணத்தையும் வட்டியோடு கட்டுநர் திருப்பித் தர வேண்டும். அவர்கள் அனுப்பிய படங்கள், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது, மாமனார் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, முதலில் எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார் கொடுங்கள். இன்னொன்று: விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 13-ஆம் பிரிவு. 4 லட்சம் அதைத் தாண்டுகிறதா என்று கணக்குப் பாருங்கள். பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு வேறு ஃபிளாட் காட்டுவார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: படுக்கையறைச் சுவரில் ஓதம் அடித்திருக்கிறது. விற்பனைப் படத்தில் அதை மட்டும் அழித்துவிடலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: ‘ஒரே கிளிக்கில் வீட்டுப் படம்’ என்று ஆயிரம் பிரீசெட் (நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றும் தயார் அமைப்புகள்) 499 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வேறு யாருடைய ஹாலுக்கோ, வேறு ஏதோ வெளிச்சத்துக்கோ செய்தவை.

கேள்வி: எங்கள் ஹோம்ஸ்டே அறைகளை ஒருவர் காசு வாங்கிக்கொண்டு படம் எடுத்துத் தந்தார். இப்போது அதே படங்களை வேறொரு புக்கிங் தளத்தில் போடக் கூடாது, போட்டால் தனிக் கட்டணம் என்கிறார். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை.

பதில்: எழுதாமல் விட்டது இந்த ஒரு முறை உங்களுக்குச் சாதகம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே. போடுங்கள். ஆனால் பணம் கட்டிய ரசீதோ வங்கிப் பதிவோ கையில் இருக்கட்டும். அடுத்த முறை வேலைக்கு முன்பே மூலப்படங்களும் வேண்டும், எந்தத் தளத்திலும் போட்டுக்கொள்வோம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி, அவரிடம் ‘சரி’ என்று பதில் வாங்கிவிடுங்கள்.