முதலில் கோப்புக்குள் பாருங்கள்: எச்டி வீடியோ கேள்வி பதில்

கேள்விகளை வந்த வரிசையில் எடுத்துக்கொள்கிறேன். எந்த டிவி வாங்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். கையில் இருக்கும் கோப்பை, வீட்டில் இருக்கும் கருவியில் ஓட வைப்பது பற்றி மட்டும் இங்கே பேசலாம்.

ஓசூர்: அண்ணா, என் பழைய லேப்டாப்பில் ஒரு எம்கேவி கோப்பு திக்கித் திக்கி ஓடுகிறது. அதே அளவுள்ள இன்னொரு எம்கேவி நன்றாக ஓடுகிறது. லேப்டாப்பில் கோளாறா?

இல்லை. எம்கேவி வெறும் டிபன் கேரியர்தான். மூடியைப் பார்த்து உள்ளே சாம்பாரா, குழம்பா என்று சொல்ல முடியாது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இரண்டு கோப்புகளையும் திறந்து பாருங்கள். வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். நன்றாக ஓடுவது எச்.264 கோடெக்காகவும், திக்குவது எச்.265 ஆகவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

எச்.264 வந்தது 2003-ல். அதை விரிப்பதற்கென்றே தனிப் பகுதி கிராஃபிக்ஸ் சிப்பில் வெகு காலமாக இருக்கிறது. எச்.265 வந்தது 2013-ல். இன்டெல்லில் 8 பிட் (நிறத்தைக் குறிக்கும் நுணுக்கம்; 10 பிட் என்றால் இன்னும் நுணுக்கம்) எச்.265-க்கு முழு வன்பொருள் ஆதரவு ஆறாம் தலைமுறையில்தான் வந்தது, 10 பிட்டுக்கு ஏழாம் தலைமுறையில். அதைவிடப் புதிய கோடெக்கான ஏவி1 என்றால் பதினோராம் தலைமுறை வேண்டும். அதற்கு முந்தைய கணினியில் மொத்த வேலையும் பிராசசர் தலையில் விழும். 4கே, 10 பிட் என்றால் அது மூச்சு வாங்கும். உங்கள் லேப்டாப்புக்கு 1080பி எச்.264 கோப்புதான் சரி.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பல கோடெக்குகளை மொத்தமாக நிறுவும் கோடெக் பேக் போடாதீர்கள். விஎல்சி, எம்பிவி போன்ற வீடியோ பிளேயர்கள் தமக்கு வேண்டியதைத் தம்முள்ளேயே வைத்திருக்கின்றன. பேக் போட்டால் விண்டோஸின் ஒழுங்கு கலையுமே தவிர, சிப்பில் இல்லாத திறமை வந்துவிடாது.

சேலம்: 64 ஜிபி பென் டிரைவில் இடம் இருந்தும் 5 ஜிபி கோப்பை ஏற்க மாட்டேன் என்கிறது.

உங்கள் பென் டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்யுங்கள். பழைய டிவி அதைப் படிக்காவிட்டால் என்டிஎஃப்எஸ். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும், முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

மதுரை: டிவியில் படம் வருகிறது, சத்தம் மட்டும் இல்லை. அதே கோப்பு கணினியில் நன்றாகப் பாடுகிறது.

ஒலி டிடிஎஸ் என்ற வடிவத்தில் இருக்கும். 2018 முதல் சாம்சங் டிவிகளிலும், 2020 முதல் சில ஆண்டுகள் எல்ஜி டிவிகளிலும் டிடிஎஸ் ஆதரவு எடுக்கப்பட்டிருந்தது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் படத்தை அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் ஏசி3 (டால்பி டிஜிட்டல்) ஆக மாற்றுங்கள். சில நிமிட வேலை. இதற்காகப் படத்தையும் சேர்த்து 'கன்வர்ட்' செய்யாதீர்கள், தரம் போய்விடும்.

தஞ்சாவூர்: தங்கையின் கல்யாண வீடியோவை 4கே-யில் பென் டிரைவில் கொடுத்தார்கள். டிவி 'ஆதரவு இல்லை' என்கிறது. வீடியோகிராபர் டிவியைக் குறை சொல்கிறார்.

இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திரும்ப எடுக்க முடியாத வீடியோ இது. மீடியாஇன்ஃபோவில் 'குரோமா சப்சாம்ப்ளிங்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே 4:2:2 என்றும், பிட் ஆழம் 10 என்றும் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். கேமராக்கள் எடிட்டிங்குக்கு வசதியாக நிற விவரத்தைக் கூடுதலாக வைத்துப் பதிவு செய்கின்றன. அதுதான் 4:2:2. டிவிக்குள் இருக்கும் சிப் நிற விவரம் குறைந்த 4:2:0-க்காகச் செய்யப்பட்டது. எடிட்டிங் முடிந்தபின் பார்வைக்கான பிரதியை 4:2:0-வில் எடுத்துத் தர வேண்டியது அவர் பொறுப்பு.

அவரிடம் இப்படிக் கேளுங்கள்: 'எச்.264, 8 பிட், 4:2:0, 1080பி-யில் ஒன்று; எச்.265, 10 பிட், 4:2:0, 4கே-யில் ஒன்று. ஒலி இரண்டிலும் ஏஏசி.' முதலாவது அநேகமாக எந்த டிவியிலும் ஓடும். 4:2:2 மூலக் கோப்பையும் கேட்டு வாங்கி, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள். பென் டிரைவை நம்பி மட்டும் கல்யாண வீடியோவை விடாதீர்கள்.

யாழ்ப்பாணம்: தமிழ் சப்டைட்டில் கேள்விக்குறிகளாக வருகிறது. டிவியில் கட்டம் கட்டமாக வருகிறது.

இரண்டும் வேறு வேறு நோய். கேள்விக்குறி என்றால் கோப்பு தவறான குறியாக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதில் தமிழ் ஏற்கெனவே தொலைந்துவிட்டது, மூலத்திலிருந்து, தமிழைத் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் மறுபடி சேமிக்க வேண்டும். கட்டம் என்றால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. விஎல்சியில் சப்டைட்டில் அமைப்பில் நிர்மலா யூஐ எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் போதும். டிவியில் எழுத்துரு சேர்க்க வழியிருக்காது. லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகப் போடுங்கள்.

திருச்சி: 6 ஜிபி கோப்பு பென் டிரைவில் ஏறவில்லை.

சேலத்துக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கோவை: இரண்டு மணி நேரப் படம், 4கே-யில் 2 ஜிபி, 1080பி-யில் 8 ஜிபி. 4கே-தானே நல்லது?

இல்லை. முதலாவதில் நொடிக்கு ஏறத்தாழ 2 மெகாபிட், இரண்டாவதில் 9. ஆனால் 4கே-யில் புள்ளிகள் நான்கு மடங்கு, சுமார் 83 லட்சம். நான்கு மடங்கு புள்ளிகளைக் கால்வாசி தகவலில் வரைந்தால் முகங்கள் மெழுகாகிவிடும், இருட்டுக் காட்சிகளில் கட்டங்கள் தெரியும்.

கோவை (மறுபடி): எச்.265 பாதி அளவிலேயே அதே தரம் தரும் என்கிறார்களே. 4கே டிவியில் 1080பி போட்டால் பணம் வீண்தானே?

பாதி என்பது சரியான கணக்குதான். ஆனால் உங்கள் கோப்பு பாதியல்ல, கால்வாசி. அதுவும் நான்கு மடங்கு புள்ளிகளுக்கு. அப்புறம், கண்ணையும் கணக்கில் சேருங்கள். 43 அங்குல டிவியில் 1080பி-யின் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவர் ஐந்தரை அடிக்கு அப்பால் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. 55 அங்குலத்தில் அது ஏழு அடி. நம் ஹாலில் சோபா எங்கே கிடக்கிறது என்று அளந்து பாருங்கள்.

சென்னை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், சார். 4கே டிஸ்க்கையும் சாதா புளூ-ரேயையும் பத்தடியிலிருந்து பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரிகிறதே!

தெரியும், நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் கண்ணில் படுவது பெரும்பாலும் எச்டிஆர்: கூடிய வெளிச்சம், விரிந்த நிறங்கள். அதற்கு மேல் தாராளமான பிட்ரேட், அதாவது நொடிக்கான தகவல் அளவு. சாதா புளூ-ரேயில் வீடியோவுக்கு உச்சம் நொடிக்கு 40 மெகாபிட். 4கே டிஸ்க் மொத்தமாக 128 வரை போகலாம். அந்த டிஸ்க்குக்காக நானே வாதாடுவேன். 2 ஜிபி கோப்புக்கு அந்தப் பெருமை கிடையாது.

கோவை: அப்படியென்றால் 4கே கோப்பு எத்தனை ஜிபி இருந்தால் ஏற்பீர்கள்?

எச்.265-ல் நொடிக்கு 15 மெகாபிட் இருந்தால் நான் மறுக்க மாட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு 13, 14 ஜிபி ஆகும்.

வேலூர்: நல்ல கோடெக் பேக் ஒன்று சொல்லுங்கள்.

ஓசூருக்குச் சொன்னதேதான். வேண்டாம்.

விருதுநகர்: பெரிய 4கே கோப்பு லேன் கேபிளில் நின்று நின்று ஓடுகிறது.

பெரும்பாலான டிவிகளின் லேன் வாசல் 100 மெகாபிட்தான். டிஸ்க்கிலிருந்து அப்படியே எடுத்த கோப்பு சில காட்சிகளில் அதைத் தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அல்லது யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்.

ஈரோடு: 4 ஜிபிக்கு மேல் நகல் எடுக்க முடியவில்லை...

சேலம். மூன்றாவது முறை. அனுப்பும் முன் மேலே படித்துவிடுங்கள்.

நாகர்கோவில்: புது டிவியில் சினிமா எல்லாம் சீரியல் மாதிரி வழவழவென்று தெரிகிறது. கோப்பில் பிழையா?

கோப்பு சரி. நொடிக்கு 24 பிரேம் உள்ள படத்தில் டிவி தானாகவே இடைப் பிரேம்களை நுழைக்கிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று இருக்கும், அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டாலே போதும்.