பரணில் கிடைத்த கல்வெட்டு நூல்கள்

அன்புள்ள ஐயா,

திருவையாற்றுக்கும் கும்பகோணத்துக்கும் இடையில், குடமுருட்டிக் கரையில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டை விற்பதற்காகக் காலி செய்து வருகிறோம். உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த என் தாத்தாவின் நூல்கள், பரணில் இரண்டு மரப்பெட்டிகளில் கிடைத்தன. ஒன்றில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் சில, கல்வெட்டு ஆண்டறிக்கைகள், நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு, சதாசிவப் பண்டாரத்தாரின் நூல்கள். மற்றொன்றில் தல வரலாறுகளும் குடமுழுக்கு மலர்களும். பழைய புத்தக வியாபாரி ஒருவர், பைண்டு செய்த ஆங்கில நூல்களுக்கு மட்டும் விலை சொல்லி, மற்றவற்றை எடைக்குப் போடச் சொல்கிறார். ஆண்டறிக்கை ஒன்றில், எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டுக்கு எதிரே, "வடபுற அதிட்டானம். நேரில் பார்த்தது. கடைசி இரண்டு வரி தளத்துக்குள் போய்விட்டது" என்று தாத்தா பென்சிலால் எழுதியிருக்கிறார். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்று சொல்ல இயலுமா?

ஒரு வாசகி
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டுள்ளார்)

அன்புடையீர்,

வியாபாரி சொன்ன வரிசையை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். அவரைக் குறை சொல்வதற்கில்லை. தோல் பைண்டும் பொன்னெழுத்தும்தான் விலைபோகும். ஆனால் அவர் விலை சொன்ன நூல்களில் பெரும்பாலானவை வேறு பல இடங்களிலும் இருக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890 முதல் வெளிவந்தவை. இன்று இணையத்தில் பி.டி.எஃப். வடிவில் கிடைக்கின்றன. நீலகண்ட சாஸ்திரியாரின் நூல் 1935, 1937இல் இரு தொகுதிகளாக முதலில் வந்து, 1955இல் திருத்திய பதிப்பாகி, அதன்பின் பலமுறை அச்சாகியிருக்கிறது. உங்கள் பகுதிக்கு அருகில், திருப்புறம்பியத்தில் பிறந்த பண்டாரத்தாரின் நூல்கள் நாட்டுடைமையாகி மறுபதிப்பும் பெற்றுவிட்டன.

கொடுப்பதற்கு முன் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி அந்தப் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒருமுறை புரட்டுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை மூலபாடமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாகத் தருவது அது. முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டு வரை அளித்த ஆணைப்படி கோயில் பணிக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலைச் சார்ந்த குடியிருப்பில் வாழ்ந்த ஆடல் மகளிரின்) பட்டியல் அதில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் (கலம் பழைய முகத்தலளவை) நெல் பங்கு. தெருவும், சிறகும் (தெருவின் பக்கம்), வீட்டு வரிசையும், பெயரும், எந்தத் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவர் என்பதும் குறிக்கப்பட்டிருக்கின்றன. திருவையாறு, திருவாரூர், நாகப்பட்டினம் என்று டெல்டாக்காரர்கள் தத்தம் ஊரைத் தேடிக் கோடிட்டு வைக்காத பழைய பிரதியைக் காண்பது அரிது. உங்கள் தாத்தாவும் கோடிட்டிருக்கக் கூடும்.

கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அந்தப் பென்சில் குறிப்புதான். அதிட்டானம் என்பது கோயில் சுவரைத் தாங்கும் கல் அடிப்பீடம். ஆண்டறிக்கைகள் எப்படி இயங்குகின்றன என்பது தெரிந்தால் அதன் மதிப்பு புரியும். கல்வெட்டுத் துறையினர் ஓராண்டில் படியெடுத்தவற்றுக்கு வரிசை எண் கொடுத்து, இருக்கும் இடம், அரசன், ஆட்சியாண்டு, இரண்டு மூன்று வரிச் சுருக்கம் என்ற அளவில் மட்டும் அறிக்கையில் அச்சிட்டார்கள். முழுப் பாடம் தொகுதியாக வெளிவரப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்னும் அச்சேறாதவை ஏராளம். கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த மைப்படிகளோ 1966இல் துறையின் தலைமை அலுவலகத்தோடு மைசூருக்குச் சென்றன. ஆகவே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சுவருக்கு எதிரே நின்று ஒத்துப்பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவரின் குறிப்பு, அறிக்கையிலும் மைப்படியிலும் இல்லாத செய்தியைச் சொல்கிறது: அவர் பார்த்த நாளில் கல் எந்த நிலையில் இருந்தது என்பதை. திருப்பணி என்ற பெயரில் தளத்தை உயர்த்தி அதிட்டானத்தின் கீழ்வரிசைக் கற்களைப் புதைப்பதும், மணல் வீச்சால் எழுத்தைத் தேய்த்துவிடுவதும், கற்களைப் பிரித்து வரிசை மாற்றி அடுக்குவதும் நம் பகுதியில் பலமுறை நடந்தவை. எது எப்போது மறைந்தது என்பதற்குப் பெரும்பாலும் பதிவே இல்லை. உங்களிடம் ஒன்று இருக்கிறது.

இந்தப் பொறுப்புணர்வு காவிரிக் கரைக்குப் புதிதன்று. சோழ அரசியார் செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கருங்கல்லில் எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். "இதுவும் ஒரு பழங்கற்படி" (பழைய கல்லின் படி) என்ற குறிப்பும் அங்கே உண்டு. பல்லவர், பாண்டியர் கால ஆவணங்கள் சில நமக்கு எஞ்சியது அதனால்தான். பிரிப்பதற்கு முன் படியெடுத்த அந்த அம்மையாரின் முறையே உங்கள் வீட்டுக்கும் போதுமானது.

எனவே பெட்டியில் இருக்கும் வரிசையிலேயே நூல்களை நிழற்படம் எடுத்துப் பட்டியல் எழுதிவிடுங்கள். இடையில் செருகிய சீட்டுகளை உருவாதீர்கள். எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு தகவல். கையெழுத்துள்ள ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியிலேனும் படமெடுங்கள். இராமபாணப் பூச்சி அரித்த தாளை மென்தூரிகையால் துடைத்தால் போதும்; செல்லோடேப் ஒட்டுவதும் உச்சி வெயிலில் காயப்போடுவதும் பூச்சியைவிடக் கேடு செய்யும்.

எடைக்குப் போடச் சொன்ன பெட்டியைத்தான் நான் முதலில் திறப்பேன். குடமுழுக்கு மலர்கள் ஊருக்குள்ளேயே விநியோகமாகி முடிந்துபோனவை. நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தவை சொற்பம். திருப்பணிக்கு முந்தைய மண்டபம், உற்சவ மூர்த்திகள் ஆகியவற்றின் படங்கள் அவற்றில் இருக்கும். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்திலிருந்து 2014இல் திரும்பி வந்ததற்கு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய நிழற்படங்கள் முக்கியச் சான்றாயின என்பதை நினைத்துப் பார்த்தால், மங்கிய கருப்பு வெள்ளைப் படத்தை யாரும் எடைக்குப் போடமாட்டார்கள்.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நூலகத்தையும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் அணுகிப் பாருங்கள். ஒரே சேகரமாக வைப்பார்களா, ஏற்கெனவே தங்களிடம் உள்ள நூலின் இரண்டாம் படியைக் கழிப்பார்களா என்பதைக் கொடுப்பதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துள்ள ஆண்டறிக்கையை "இரட்டைப்படி" என்று கழித்துவிட்டால் எல்லாம் வீண். தாத்தாவின் கைபடாத ஆங்கிலத் தொகுதிகள் இருந்தால், வியாபாரி நல்ல விலை கொடுக்கும் பட்சத்தில், அவற்றைத் தயங்காமல் விற்றுவிடுங்கள்.