செஸ்டரின் வலது கால்

கேள்வி: பழைய அமெரிக்க கௌபாய் தொடரான ‘கன்ஸ்மோக்’கை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷலின் உதவியாளர் செஸ்டர் காலை விந்தி விந்தி நடக்கிறாரே, அந்த நடிகருக்கு நிஜமாகவே கால் ஊனமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஊனமா! செஸ்டராக நடித்த டென்னிஸ் வீவர் கல்லூரி நாட்களில் தடகள வீரர். 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தேர்வுப் போட்டியில், பத்து தடகளப் பந்தயங்கள் சேர்ந்த டெகாத்லானில் ஆறாவதாக வந்தவர். முதல் மூவருக்குத்தான் இடம். லண்டன் கைநழுவ, நியூயார்க்கில் நடிப்புப் படிக்கப் போனார்.

விந்தல் கதையின் தேவை. திடகாத்திரமான ஆள் ஒருவன் பக்கத்திலேயே நின்றால், சண்டையில் இவன் ஏன் துப்பாக்கியை உருவவில்லை என்று பார்ப்பவர் கேட்பார். மார்ஷல் தனியாக மோதினால்தானே மார்ஷல்! அதனால் செஸ்டருக்கு ஏதாவது உடற்குறை வைக்கலாம் என்றார் தயாரிப்பாளர் சார்லஸ் மார்க்விஸ் வாரன். வலது முழங்காலை மடக்காமல் நடப்பது என்று முடிவாயிற்று. 1952-லேயே தொடங்கிவிட்ட வானொலி கன்ஸ்மோக்கில் செஸ்டராகப் பேசிய பார்லி பேருக்கு இந்தத் தொல்லை கிடையாது, குரல் போதும்.

நடப்பதில் பெரிய சிரமமில்லை, குந்துவதில்தான் வினை. தரையில் நெருப்பு மூட்டும் காட்சி என்றால் வலது காலை நீட்டி வைத்து, மொத்த எடையையும் இடது தொடையில் இறக்க வேண்டும். எழும்போதும் அந்த ஒற்றைக் கால்தான். பூட்ஸ் மாட்டுவது இன்னும் மோசம். முழங்கால் மடங்காததால் பாதம் கைக்கு வராது, கைதான் பாதத்துக்குப் போக வேண்டும். உடம்பு வளைய யோகா செய்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குதிரை விஷயத்தில் மட்டும் தப்பித்தார். குதிரைமேல் இடப்பக்கமாகத்தான் ஏறுவார்கள்: இடது பாதம் அங்கவடியில், வலது கால் நீட்டியபடியே மறுபக்கம் போய்விடும். இடது காலை விறைத்திருந்தால் ஏறுவதற்குள் படம் முடிந்திருக்கும்.

கேள்வி: இவ்வளவு பேர் வாங்கியவர் ஏன் பாதியில் காணாமல் போனார்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பாதி என்று சொல்ல முடியாது, 1955 முதல் 1964 வரை இருந்தார். 1959-ல் துணை நடிகருக்கான எம்மி விருதும் கிடைத்தது. ஆனால் மார்ஷலை ‘மிஸ்டர் டில்லன்!’ என்று கூவிக்கொண்டு, காபி போட்டுக்கொண்டு எத்தனை காலம்? நாயகனாக நடிக்கும் ஆசையில் வெளியேறினார். செஸ்டர் எங்கே போனான் என்று கதையில் ஒரு வரி விளக்கம்கூட இல்லை. கென் கர்ட்டிஸ் நடித்த ஃபெஸ்டஸ் அந்த இடத்தை நிரப்பினார். தொடர் 1975 வரை ஓடியது.

வீவருக்கும் நஷ்டமில்லை. 1970 முதல் 1977 வரை ‘மெக்லவுட்’ தொடரின் நாயகன் அவர்தான். இடையில் 1971-ல் ஸ்பீல்பெர்க்கின் தொலைக்காட்சிப் படம் ‘டூயல்’: துரத்தும் ஒரு லாரி, பயந்து வியர்க்கும் ஒரு முகம், ஏறக்குறைய அவ்வளவுதான் படம். அந்த முகத்துக்கு வீவரை ஸ்பீல்பெர்க் தேடியது செஸ்டருக்காக அல்ல. ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) படத்தில் பதறிப் பதறிப் பேசும் மோட்டல் இரவு மேலாளராக அவர் வந்த சில நிமிடங்களுக்காக.