ரீசெட் அடித்தேன், மூன்று நாள் வேலை போச்சு!

கேள்வி: கோடின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் மென்பொருளில் ‘ரீசெட் ஹார்டு’ (பழைய நிலைக்கு அப்படியே திருப்பும் கட்டளை) கொடுத்துவிட்டேன். மூன்று நாள் எழுதிய புரோகிராம் கோடைக் காணோம். மீட்க முடியுமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில், பயத்தில் ஃபோல்டரை அழித்துவிட்டு கிட்ஹப்பிலிருந்து (கோடை ஆன்லைனில் வைக்கும் தளம்) மறுபடி க்ளோன் (முழு நகல்) செய்துவிடாதீர்கள், ஏனென்றால் உங்களைக் காப்பாற்றப்போகிற சமாச்சாரம் அந்த ஃபோல்டருக்குள் மட்டும்தான் இருக்கிறது.

இடையில் கமிட் (அந்த நேரத்துக் கோடைக் கிட்டில் ஒரு பதிவாகச் சேமிப்பது) செய்திருந்தால் கவலை வேண்டாம். கமிட் அழியவில்லை, கிளைதான் (கமிட் வரிசையின் கடைசியைச் சுட்டும் பெயர்) அதை விட்டு நகர்ந்துவிட்டது. டெர்மினலில் ‘கிட் ரீஃப்ளாக்’ அடித்தால் ஹெட் (நீங்கள் இப்போது எந்த கமிட்டில் இருக்கிறீர்கள் என்று காட்டும் குறி) இதுவரை எங்கெங்கே நின்றது என்று வரிசையாகக் காட்டும். ரீசெட் என்று போட்டிருக்கும் வரிக்கு நேர் கீழே உள்ள ஹாஷை (கமிட்டின் அடையாளக் குறியீடு) எடுத்து, ‘கிட் பிராஞ்ச்’ என அடித்து ஒரு புதுப் பெயரும் அந்த ஹாஷும் கொடுங்கள். போன கோடு புதுக் கிளையில் வந்து நிற்கும். இப்படிக் கைவிடப்பட்ட கமிட்டுகளின் தடம் வழக்கமாக 30 நாள் இருக்கும், அதனால் இன்றைக்கே செய்யுங்கள்.

கமிட் இல்லை, ‘ஆட்’ (கமிட்டுக்கு முன் ஃபைலைத் தயார்ப்படுத்தி வைப்பது) மட்டும்தான் செய்தேன் என்றால் ‘கிட் எஃப்எஸ்சிகே’ கட்டளையை லாஸ்ட் ஃபவுண்ட் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். ஃபைல்கள் கிடைக்கும், பெயர்தான் இருக்காது. நான் ஒரு ராத்திரி முழுக்க இப்படிப் பெயரில்லாத ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறேன். ஆட் கூட இல்லையா? கிட் கைவிரித்துவிடும். விஎஸ் கோடு எடிட்டரில் எழுதியிருந்தால் டைம்லைனில் பழைய சேவ்கள் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஓப்பன் சோர்ஸில் (யாரும் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள்கள்) பங்களிக்க ஆசை. எங்கே தொடங்க?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: ரீட்மீ ஃபைலில் (ப்ராஜெக்ட்டின் அறிமுகக் குறிப்பு) ஒரு வார்த்தையை மாற்றி அனுப்புவதில் மட்டும் தொடங்காதீர்கள். 2020 ஹாக்டோபர்ஃபெஸ்டில் (ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பை ஊக்குவிக்கும் அக்டோபர் மாத நிகழ்ச்சி) டி-ஷர்ட்டுக்காக ஆளாளுக்கு இப்படி அனுப்பி, ப்ராஜெக்ட் நடத்துகிறவர்கள் நொந்துபோய், கடைசியில் விருப்பப்பட்ட ப்ராஜெக்ட்டுகள் மட்டும் சேரலாம் என்று விதியையே மாற்றினார்கள்.

நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு கருவியை எடுத்து, ‘போன வெர்ஷனில் வேலை செய்தது, இப்போது இல்லை’ என்று யாராவது புலம்பியிருக்கும் இஷ்யூ (குறையைச் சொல்லும் பதிவு) ஒன்றைப் பிடியுங்கள். ‘கிட் பைசெக்ட்’ இதற்கென்றே இருக்கிறது. நல்ல கமிட் எது, கெட்டது எது என்று சொன்னால் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே போகும். 1,000 கமிட் இருந்தாலும் சுமார் 10 தடவை சோதித்தால் போதும், குற்றவாளி கமிட் சிக்கிவிடும். அந்த ஹாஷை இஷ்யூவில் எழுதுங்கள், ஒரு வரி கோடு எழுதாமலேயே உருப்படியான பங்களிப்பு அது. வேலை முடிந்ததும் ‘பைசெக்ட் ரீசெட்’ கொடுக்க வேண்டும், பயப்படாதீர்கள், மேலே திருநெல்வேலி நண்பர் மாட்டிக்கொண்ட ரீசெட் வேறு.