வாசகர் கேள்வி–பதில்: செங்கல் சூளையில் எழுந்த பிணம்

மதுரை வட்டாரத்திலேயே எடுக்கப்பட்டு, அண்மையில் நம் ஊர்த் திரையரங்குகளில் ஓடிய ஒரு சிறு முதலீட்டு ஜாம்பிப் படத்தைப் பற்றி இம்முறை கடிதங்கள் குவிந்துவிட்டதால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். முதல் படம் எடுத்த இளைஞர்களின் குறைகளை விரிவாகப் பேசப்போவதால் படத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். பார்த்தவர்களுக்கு எந்தப் படம் என்பது தெரியும். பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம் இது: வைகைக் கரையோரச் செங்கல் சூளை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர், கூலியாட்கள் வாங்கிய முன்பணத்தில் முதலாளி செய்துவரும் மோசடியைத் தனி நோட்டு ஒன்றில் குறித்து வைக்கிறார். அது தெரிந்ததும் முதலாளியும் அடியாட்கள் இருவரும் அவரைக் கொன்று, மண் வெட்டிய குழியிலேயே புதைத்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் இரவு பிணம் எழுந்து நடக்கிறது. காணாமற்போனவரைத் தேடி ஓர் இன்ஸ்பெக்டர் வருகிறார். இடைவேளைக்குப் பிறகு கடிபட்டவர்கள் எல்லாரும் ஜாம்பிகளாகிவிட, ஓட்டமும் துப்பாக்கிச் சூடுமாகப் படம் முடிகிறது.

“இவ்வளவு குறைந்த செலவில் இதை எடுத்ததே பெரிய விஷயம் என்று என் நண்பர்கள் பாராட்டுகிறார்கள். செலவைப் பார்த்து மதிப்பெண் போடுவது சரிதானா?”
— சோழவந்தான் வாசகர்

சரியில்லை என்பதே என் எண்ணம். பெரிய படத்துக்கும் சின்னப் படத்துக்கும் நாம் கொடுக்கும் டிக்கெட் காசும் இரண்டரை மணி நேரமும் ஒன்றுதான். அதைவிட முக்கியமாக, “பாவம், சின்னப் படம்” என்று சொல்லும்போது எடுத்தவர்களின் திறமையை நாமே குறைத்து மதிப்பிடுகிறோம்.

இன்று உலகம் முழுவதும் ஜாம்பி என்றதும் மனத்தில் தோன்றும் உருவமே குறைந்த செலவில் பிறந்ததுதான். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் ரொமேரோவும் அவருடைய நண்பர்களும் 1968-இல் வெளியிட்ட ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 1,14,000 டாலர்; அமெரிக்கத் திரைப்படக் கணக்கில் அது மிகச் சிறிய தொகை. கறுப்பு வெள்ளையில் எடுத்ததால் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகையே பயன்படுத்த முடிந்தது. கதையின் பெரும்பகுதி ஒரே பண்ணை வீட்டுக்குள் நடக்கிறது. பணம் இல்லாததால் வந்த இந்த நெருக்கடியைத்தான் அவர்கள் படத்தின் பலமாக மாற்றினார்கள்: வெளியே பிணங்கள் நடமாட, வீட்டுக்குள் அடைபட்ட மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டையிடுவதைக் காட்ட ஒரு வீடு போதும். (கடைசி நேரத்தில் படத்தின் தலைப்பை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போக, அந்தப் படம் பொதுச் சொத்தாகிவிட்டது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி.)

நம் இளைஞர்களுக்கும் ஒரு சூளை கிடைத்திருந்தது. அதை விட்டு வெளியே வந்து, கையில் இல்லாத பணத்துக்கு ஊர் முழுவதையும் காட்ட முயன்ற இடத்தில்தான் படம் தளர்கிறது.

“ஜாம்பிகளின் மேக்கப்பைப் பார்த்துத் திரையரங்கே சிரித்தது. நீங்கள் கவனித்தீர்களா?”
— திருப்பரங்குன்றம் வாசகர்

கவனித்தேன். கூட்டத்தில் மூன்றாவதாக வருகிறவருக்கு முகப்பூச்சு தாடையோடு நின்றுவிடுகிறது. கழுத்தும் காதும் அவருடைய சொந்த நிறத்திலேயே இருக்கின்றன. கைக்கடிகாரத்தைக் கழற்றிய இடத்தில் வெயில் படாத வட்டம்கூடத் தெரிந்தது. ஆனால் முதல் பாதியில், கணக்கர் குழியிலிருந்து எழும்போது அவர் மேல் இருந்தது வெறும் களிமண்தான். காய்ந்த மண் முழங்கையில் வெடித்து உதிர்வதை அத்தனை அருகில் காட்டியபோது அதே திரையரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. சூளையில் கிடந்த மண், காசு கொடுத்து வாங்கிய பூச்சைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது.

“கொலைக் கதையும் ஜாம்பிக் கதையும் ஒட்டவே இல்லை. செத்தவர் எழுந்து வந்துவிட்டால் அப்புறம் கொலை ஏது, விசாரணை ஏது? இரண்டையும் கலந்ததே தவறு என்று நினைக்கிறேன்.”
— உசிலம்பட்டியிலிருந்து ஓர் ஆசிரியை

அம்மா, வந்த கடிதங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். இந்தப் படத்தில் ஒட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கலந்ததே தவறு என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை.

ஜாம்பி என்னும் நம்பிக்கை கரீபியக் கடலில் உள்ள ஹைட்டி நாட்டில் வேர்விட்டது. 1804-இல் விடுதலை பெறும்வரை அது பிரெஞ்சுக்காரர்களின் குடியேற்ற நாடாக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் அங்கே கரும்புத் தோட்டங்களில் உழைத்தே மாண்டார்கள். அந்த மக்களின் கதைகளில் வரும் ஜாம்பி யாரையும் கடிப்பதில்லை. போக்கோர் என்னும் மந்திரவாதி ஒருவரைச் சாகடித்து, புதைத்த இடத்திலிருந்து எழுப்பி, சுயநினைவு இல்லாத உடலாகத் தோட்டத்தில் கூலியின்றி வேலை வாங்குவான். செத்தாலாவது இந்த வேலையிலிருந்து தப்பலாம் என்றிருந்த மனிதர்களுக்கு, செத்த பிறகும் விடமாட்டார்கள் என்பதைவிடப் பெரிய அச்சம் என்ன இருக்க முடியும்? ஆகவே ஜாம்பிக் கதையில் தொடக்கத்திலிருந்தே ஒரு குற்றமும் ஒரு குற்றவாளியும் இருக்கிறார்கள். கிருமியால் பரவுவது, கடித்தால் ஒட்டிக்கொள்வது என்பதெல்லாம் பின்னால் சினிமா சேர்த்தவை.

இப்போது நம் படத்தின் சூளையை எண்ணிப் பாருங்கள். முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு வந்து, எத்தனை ஆயிரம் கல் அறுத்தாலும் கடன் தீராமல் கிடக்கும் கூலியாட்களைப் பற்றிய கதை அது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தும் அந்த அவலம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஹைட்டியின் கரும்புத் தோட்டத்துக்கும் இந்தச் சூளைக்கும் இடையே எவ்வளவு நெருக்கம்! இந்த இளைஞர்கள் அதை அறிந்தோ அறியாமலோ தொட்டுவிட்டார்கள். ஆனால் முதல் பாதியில் நான்கு முறை காட்டப்பட்ட அந்தக் கணக்கு நோட்டு, இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சியில்கூட வரவில்லை. கொலைக்குக் காரணமே அதுதான்; அதை இன்ஸ்பெக்டரும் தேடவில்லை, எழுந்து நடக்கும் கணக்கரும் தேடவில்லை. நீங்கள் உணர்ந்த ஒட்டாமைக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சுடுகாடு, கொலைப்பழி, எழுந்து வரும் பிணம் மூன்றும் ஒரே கதையில் ஒட்டும் என்பதற்கு மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு வெளிநாட்டுச் சான்று தேவையில்லை. திருவிழா மேடைகளில் விடிய விடிய நடக்கும் அரிச்சந்திர மயான காண்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாம்பு தீண்டிய லோகிதாசனின் உடலைச் சந்திரமதி சுடலைக்குக் கொண்டுவருகிறாள். காவல் காக்கும் அரிச்சந்திரன், தன் மனைவி என்று அறியாமல் அவளிடம் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடிய தாலியை விற்றாவது கொடு என்று அவன் சொல்லும்போது, அந்த ஒரு சொல்லே துப்பாகி இருவரும் ஒருவரையொருவர் அறிகிறார்கள். அதற்குப் பிறகுதான் காசி மன்னனின் குழந்தையைக் கொன்றாள் என்ற பொய்ப்பழி அவள் மேல் விழுகிறது. தண்டனையை நிறைவேற்ற வேண்டியவன் அரிச்சந்திரனே. வாள் ஓங்கப்படுகிறது, உண்மை வெளிப்படுகிறது, இறந்த பிள்ளை எழுகிறான்.

சிறுவனாக இருந்தபோது மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அதை மேடையை ஒட்டி உட்கார்ந்து பார்த்தேன். லோகிதாசனாக நடித்த பையன் வெள்ளை வேட்டி போர்த்திப் பெஞ்சில் கிடந்தான். அவன் புருவத்தின் மேல் ஒரு கொசு உட்கார்ந்து, வயிறு சிவந்து, தானாகப் பறந்து போகும்வரை அந்த முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. அவன் உண்மையிலேயே செத்துவிட்டானோ என்று நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த மேடையில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. ஆனால் அந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை என்பதை அங்கே இருந்த யாராலும் ஒரு நொடியும் மறக்க முடியவில்லை. நம் படத்தின் இரண்டாம் பாதியில் சுடப்பட்டு விழுந்த இருபது முப்பது பேரில் ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

“ஜாம்பி நம் ஊர்ச் சரக்கே இல்லை. நம்மிடம் இல்லாத பேயா, முனியா? அதை விட்டுவிட்டு ஏன் இந்த இரவல்?”
— மேலூர் வாசகர்

இரண்டும் வெவ்வேறு என்பதால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வைத்துவிட முடியாது. பேய்க்கு ஆசையும் கோபமும் உண்டு, சொந்த உடல் கிடையாது. ஜாம்பிக்கு உடல் உண்டு, ஆசையும் நினைவும் கிடையாது. 2016-இல் ‘மிருதன்’ வந்ததிலிருந்தே தமிழ்ப் பார்வையாளர்களுக்கு ஜாம்பி பழகிவிட்டதால், இரவல் என்பதையும் நான் பெரிய குறையாகக் கருதவில்லை.

ஆயினும் உங்கள் கேள்வியில் ஒரு நல்ல வழி இருக்கிறது. நம் ஊர்களில் பேய் பிடித்தவரிடம் உடுக்கை அடிக்கும் கோடாங்கி கேட்கும் முதல் கேள்வி, “நீ யார்? எந்த ஊர்? எப்படிச் செத்தாய்?” என்பதுதான். பேய் தன் பெயரைச் சொல்லும், செத்த விதத்தைச் சொல்லும், தனக்கு என்ன வேண்டும் என்றும் சொல்லும். அதன் பிறகே தலைமுடிக் கற்றையைப் புளியமரத்தில் ஆணி அடிப்பார்கள். ஒரு வகையில் அதுவும் விசாரணைதான். பேச முடியாத ஜாம்பியின் முன் ஒரு கோடாங்கி அமர்ந்து இதே கேள்விகளைக் கேட்க, பக்கத்தில் அந்த இன்ஸ்பெக்டரும் நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தால், அப்படி ஒரு காட்சியை நம்மைத் தவிர வேறு யாராலும் எடுக்க முடியாது.

“குறைகளை விடுங்கள் ஐயா. படத்தில் உங்களுக்குப் பிடித்தது என்ன?”
— செல்லூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

முதல் இருபது நிமிடங்களின் ஒலி. இரவுச் சூளையில் நெருப்பு உள்ளுக்குள் உறுமுவதும், எங்கோ ஒரு கல் சூடு தாங்காமல் விண்டு தெறிப்பதும், நாய் குரைப்பதைத் திடீரென நிறுத்துவதும் மட்டுமே கேட்கின்றன. பின்னணி இசை இல்லவே இல்லை. பிணம் எழப்போகிறது என்பதை அந்த நாயின் மௌனத்திலிருந்துதான் நாம் அறிகிறோம்.

நீங்கள் தமிழ் படிக்கிறீர்கள் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன்: மணிமேகலையில் ‘சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை’யை எடுத்துப் பாருங்கள். எழுதியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், நம் ஊர்த் தானிய வணிகர். புகாரின் சுடுகாட்டை அவர் பெரிதும் ஒலிகளாலேயே கட்டியிருக்கிறார். செம்பஞ்சுக் குழம்பு ஊட்டிய பெண்ணின் பாதத்தை வாயில் கவ்விக்கொண்டு நரி மகிழ்ச்சியில் ஊளையிடும் ஒலி அவற்றில் ஒன்று. வழி தவறி அங்கே நுழைந்த சார்ங்கலன் என்னும் சிறுவன், தலை ஒன்றைக் கையில் ஏந்தி ஆடும் பேயைக் கண்டு, வீட்டுக்கு ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். அவன் உயிரைத் திருப்பித் தரும்படி தாய் கோதமை கேட்க, போன உயிர் மீளாது என்று சம்பாபதித் தெய்வமே சொல்லிவிடுகிறது. அந்த நரியின் வாயில் இருந்த பாதத்துக்கு இட்ட செம்பஞ்சு ஒன்று போதும், அவளும் ஒரு நாள் அலங்கரித்துக்கொண்டு நின்றவள் என்று நாம் உணர்வதற்கு.

“எட்டு வயது மகனை அழைத்துப் போகலாமா?”
— வாடிப்பட்டி வாசகி

வேண்டாம். யுஏ 16+ சான்றிதழ் பெற்ற படம் அது. கடி காட்சிகளைவிட, கணக்கரைக் கொல்லும் காட்சி நீளமானது, கொடுமையானது. நான் பார்த்த இரவுக் காட்சியில் இரண்டு குழந்தைகள் அழுதார்கள்.

“கடைசிக் காட்சி புரியவில்லை. கணக்கரின் மனைவி உள்ளே உட்கார்ந்திருக்க, வாசலில் காலை இழுத்து நடக்கும் சத்தம் கேட்கிறது. உடனே படம் முடிந்துவிடுகிறது. அவள் கதவைத் திறந்தாளா, இல்லையா?”
— திருமங்கலம் வாசகர்

இரண்டாம் பாகத்துக்காக அப்படி நிறுத்தியிருப்பார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணாக நடித்தவரின் முகத்தைப் பார்த்த எனக்கு, அவள் திறந்திருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. கணவன் காணாமற்போன நாளிலிருந்து ஒவ்வோர் இரவும் அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தவள், அந்தக் கடைசி இரவில் மட்டும் அதை நிமிர்த்தி வைத்திருக்கிறாள். காமிரா அதைக் கடந்து போகும்போது பலர் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஹைட்டி நாட்டுக் கதைகளில் ஜாம்பிக்கு உப்புப் போட்ட உணவைத் தரவே மாட்டார்கள். உப்பு நாக்கில் பட்டதும் தான் இறந்தவன் என்பது அதற்கு நினைவு வந்துவிடும். எழுந்து, நேராகத் தன் குழிக்கே நடந்து போய்விடும். அந்தக் காட்சியை இன்னும் ஒரு நிமிடம் ஓடவிட்டிருந்தால், தாழ்ப்பாள் விலகும் சத்தத்துக்குப் பிறகு அந்தத் தட்டில் பழைய சோறும், அதன் ஓரத்தில் அவர் எப்போதும் கேட்டு வாங்கும் ஒரு சிட்டிகைக் கல்லுப்பும் இருந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.