விளையாட்டுப் பிரியனான தம்பிக்கு நத்தார் பரிசாக எந்தச் சீட்டு விளையாட்டை, எந்த வீடியோ கேமை வாங்கலாம்?

அலமாரி நிறைய விளையாட்டுகள் வைத்திருக்கும் 22 வயதுத் தம்பிக்கு 50 டொலருக்குள் என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். அண்ணனின் மகன், என் பெறாமகன், உங்கள் தம்பியைப் போன்றவன்தான். ஏழெட்டு நத்தார்களாக அவனுக்குப் பரிசு தேடி அலைந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கடைக்குப் போகுமுன், அதை அவன் யாருடன் விளையாடப் போகிறான் என்று யோசியுங்கள். விமர்சனங்களையும் விலையையும் பிறகு பார்க்கலாம்.

முதல் ஆண்டு நான் அப்படி யோசிக்கவில்லை. அவனுக்கு 'மேஜிக்: த கேதரிங்' பிடிக்கும் என்று கேள்விப்பட்டு, பிரிக்காத சீட்டுப் பொட்டலங்கள் ஆறேழு வாங்கிக் கொடுத்தேன். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதவியலாளர் உருவாக்கி, 1993இல் வெளிவந்த விளையாட்டு அது. ஒவ்வொருவரும் தமக்கான சீட்டுக் கட்டைத் தாமே சேர்த்து அமைக்க வேண்டும். பொட்டலத்துக்குள் என்ன வரும் என்பது பிரிக்கும்வரை தெரியாது. அவன் மரியாதையாக நன்றி சொல்லி, பிரித்துப் பார்த்து, ஓரமாக வைத்துவிட்டான். வந்த சீட்டுகளில் ஒன்றுகூட அவன் கட்டுக்குப் பொருந்தவில்லை. அவனும் நண்பர்களும் விளையாடியது 'கமாண்டர்' என்ற முறை. அதற்கு 100 சீட்டுகள் கொண்ட கட்டு வேண்டும். மற்றச் சீட்டுகளை இறக்க ஆற்றல் தரும் அடிப்படை நிலச் சீட்டுகளைத் தவிர எதுவும் இரண்டு முறை வரக்கூடாது. அந்த முறைக்கென்றே ஆயத்தமாக அடுக்கிய கட்டுகள் கடையில் கிடைக்கின்றன. அவன் நண்பன் ஒருவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதையே வாங்கியிருப்பேன்.

எல்லாவற்றிலும் நன்றாக அமைந்த பரிசு 'த க்ரூ' என்ற சீட்டு விளையாட்டு. தோமஸ் சிங் வடிவமைத்த, 2019இல் ஜெர்மனியில் வந்த சிறிய பெட்டி. அடுத்த ஆண்டே, அனுபவமுள்ளவர்களுக்கான விளையாட்டுகளுக்கு அந்நாட்டில் தரும் கென்னர்ஷ்பீல் விருதைப் பெற்றது. அதன் அடிப்படை நமக்குப் புதிதில்லை: கேட்ட இனத்தைப் போட வேண்டும், இல்லையென்றால் துரும்பால் வெட்டலாம். ஆனால் மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே கட்சி. இன்னின்ன சீட்டை இன்னார்தான் பிடிக்க வேண்டும் என்று பணி வரும்; எல்லோருமாகச் சேர்ந்து அதை நிறைவேற்ற வேண்டும், கையில் இருப்பதைப் பற்றி வாய் திறக்காமல். இப்படி, 'பயணம்' என்று பெயரிட்ட 50 கட்டங்கள்.

அப்பா யாழ்ப்பாணத்தில் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவர். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2; ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் 304 என்று இன்றும் மனக்கணக்காகச் சொல்வார். பேரனின் விளையாட்டுகள் தமக்குப் புரியாது என்று ஒதுங்கியே இருந்தார். 'த க்ரூ'வைப் பிரித்த அன்று நாங்கள் வற்புறுத்தியதால் மேசைக்கு வந்தார். பச்சை 4ஐப் பெறாமகன் பிடிக்க வேண்டும் என்பது பணி. அப்பா தம் கையிலிருந்து பச்சை 4ஐ எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி வைத்து, பேசாமல் குறிப்புக் காட்டுவதற்கென்று பெட்டியில் வரும் வில்லையை அதன் நடுவில் வைத்தார். 'என்னிடம் பச்சை இது ஒன்றுதான்' என்று அதற்குப் பொருள். அவன் ஒரு கணம் தாத்தாவைப் பார்த்துவிட்டுப் பச்சை 9ஐ இறக்கினான். அப்பாவிடம் வேறு பச்சை இல்லை, 4 விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். இரவு ஒரு மணிவரை அவர்களை மேசையிலிருந்து எழுப்ப முடியவில்லை. உங்கள் வீட்டில் சீட்டாடத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால், இதையே வாங்குங்கள்.

வீடியோ கேம் என்றால் முதலில் அவனிடம் இருக்கும் கருவியின் சரியான பெயரைக் கேட்டறியுங்கள். பிளேஸ்டேஷன் 5இன் டிஜிட்டல் பதிப்பில் வட்டு போடும் இடமே கிடையாது. கணினிக்கு ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக அனுப்புவதென்றால், அவனுடைய விருப்பப் பட்டியலைப் பாருங்கள். விலை அதிகம் வேறுபடும் நாடுகளுக்கிடையே பரிசு அனுப்ப ஸ்டீம் விடாது.

தனியாக இருந்து விளையாடுபவன் என்றால் 'பலாட்ரோ' வாங்கலாம். 2024இல் வந்தது; லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் ஒருவரே உருவாக்கியது. போக்கர் சீட்டுகளும் 150 ஜோக்கர்களும் சேர்ந்து செய்யும் பெருக்கல் கணக்கு, எண்களில் மனம் லயிப்பவனை எளிதில் விடாது. ஆனால் நீங்களும் அவனும் வேறு வேறு ஊரில் இருந்தால் என் தேர்வு 'இட் டேக்ஸ் டூ' தான். 2021இல் வந்த அந்த விளையாட்டை இருவராக மட்டுமே விளையாட முடியும். ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் இலவச நண்பர் அனுமதியோடு சேர்ந்துகொள்ளலாம். என் பெறாமகன் பல்கலைக்கழகத்துக்குப் போன ஆண்டு அதைத்தான் கொடுத்தேன். ஞாயிறு இரவுகளில் "சித்தப்பா, வருகிறீர்களா?" என்று செய்தி வரும். வழக்கமான தொலைபேசி அழைப்பில் சொல்லாத எத்தனையோ விஷயங்களை, கை விளையாட்டில் இருக்கும்போது அவன் சொல்லியிருக்கிறான்.

சீட்டு விளையாட்டை வாங்கினால் பெட்டியைப் பிரிக்காமலே விதிகளை இணையத்தில் படித்துவிடுங்கள். நத்தார் அன்று சாப்பாட்டு மேசையைத் துடைத்ததும், நீங்களே சீட்டைக் கலைத்துப் போட்டுத் தொடங்கலாம்.