ஸ்வீடனில் 'மீல்' எவ்வளவு தூரம்? கேள்வி பதில்

கேள்வி: ஸ்வீடனில் ஒரு பழைய கார் விளம்பரம். '14 500 மீல்' ஓடியதாம். மைல்தானே? குறைவாகத்தானே ஓடியிருக்கிறது?

பதில்: மைல் இல்லை. அங்கே 1 மீல் என்பது 10 கிலோமீட்டர். வண்டி 1,45,000 கி.மீ. ஓடியிருக்கிறது, மைலில் சுமார் 90,000. காரின் மீட்டர் கிலோமீட்டரில்தான் காட்டும். அதனால் நேரில் பார்க்கும்போது மீட்டரின் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு விளம்பரத்தோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: மைலேஜ் '0,6 லிட்டர்/மீல்' என்று இருக்கிறதே?

பதில்: அந்தக் காற்புள்ளி தசமப் புள்ளி. 10-ஐ 0.6-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 16.7 கி.மீ. மின்சாரக் காருக்கும் இதே வழிதான்: மீலுக்கு 2 யூனிட் என்றால் யூனிட்டுக்கு 5 கி.மீ.

கேள்வி: நார்வே, டென்மார்க்கிலும் இதேதானா?

பதில்: நார்வேயில் ஆம். அங்கே 'ஐந்து மீல்' பனிச்சறுக்குப் போட்டி என்றால் 50 கி.மீ. டென்மார்க்கில் அப்படியில்லை. அவர்களுடைய பழைய மீல் 7,532 மீட்டர், அதுவும் இன்று அன்றாடப் பேச்சில் கிடையாது.

கேள்வி: ஸ்வீடனில் ஒரு பழைய சாலையோரம் '1/4' என்று செதுக்கிய கல் பார்த்தேன். அடுத்த கல் 2.5 கி.மீ.யில் வரவில்லை. ஏன்?

பதில்: அது பழைய மீலின் கால் பங்கு. 1649-இல் அரசாணை மீலை 18,000 ஆல்ன் (பழைய ஸ்வீடிஷ் நீள அளவு), அதாவது சுமார் 10,688 மீட்டர் என்று வரையறுத்தது. மைல்கற்கள் நடச் சொன்னதும் அதே ஆணைதான். ஆகவே கால் மீலுக்கு 2,672 மீட்டர். நீங்கள் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டி இன்னும் 172 மீட்டர் நடக்க வேண்டும். அப்போதும் கல் தென்படாவிட்டால், சாலையை அகலப்படுத்தியபோது நகர்த்தியிருக்கலாம். பல கற்கள் அப்படி இடம் மாறியவை. கல்லின் மேற்பகுதியில் அரசரின் முத்திரை எழுத்தும் ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் காலத்துக் கல் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: கடலில்?

பதில்: இன்று எங்கும் கடல் மைல் 1,852 மீட்டர்தான். பழைய டேனிஷ் கடல் மீல் அதைப்போல் நான்கு மடங்கு. பழைய கப்பல் குறிப்பு படிப்பவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.

கேள்வி: 19-ஆம் நூற்றாண்டு ஸ்வீடிஷ் கதையை மொழிபெயர்க்கிறேன். 'மைல்' என்றே போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். '3 மீல் நடந்தான்' என்பது 'மூன்று மைல்' ஆகிவிட்டால், ஒரு நாள் முழுக்க நடந்தவன் ஒரு மணி நேரத்தில் ஊர் சேர்ந்துவிடுவான். முதலில் கதை நடக்கும் ஆண்டைப் பாருங்கள். ஸ்வீடனில் 10 கி.மீ. மீல் 1889-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கதை என்றால் 10.7-ஆல் பெருக்குங்கள். நார்வேயின் பழைய மீல் இன்னும் நீளம், சுமார் 11.3 கி.மீ. பெருக்கி வந்ததைக் கிலோமீட்டரிலேயே எழுதிவிடுங்கள்.